பழைய எம்ஜிபியோடு ட்ராக்கில் இறங்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸில் இருக்கிறேன். மூன்று வருடம் முன்பு 1966 எம்ஜிபி ரோட்ஸ்டர் (பிரிட்டிஷ் எம்ஜி நிறுவனத்தின் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று வாங்கினேன். ஸ்போக் வீல், திறந்த கூரை, எஞ்சின் அசல். முன்னாள் உரிமையாளர் பாடியை முழுக்கச் செப்பனிட்டதாகச் சொல்லிப் புகைப்படங்களும் தந்தார். சின்ன வயதில் அப்பா என்னைச் சோழவரம் பந்தயத்துக்குக் கூட்டிப் போவார். அந்த ஆசை விடவில்லை. இந்த வருடம் சில்வர்ஸ்டோன் பந்தயத் தளத்தில் ட்ராக் டே (சொந்தக் காரைத் தளத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள்), முடிந்தால் அடுத்த வருடம் பழைய கார்களுக்கான கிளப் பந்தயம் என்று நினைத்திருக்கிறேன். பழைய பந்தய விபத்து வீடியோக்களைப் பார்த்ததிலிருந்து மனைவி வேண்டவே வேண்டாம் என்கிறாள். பாதுகாப்புக்கு நாலு பட்டை ஹார்னஸ் பெல்ட் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்பு வளைவான ரோல் பார் போட்டால் அசல் பாடியில் ஓட்டை போட வேண்டுமாம், அதற்கு மனம் வரவில்லை. பெல்ட் மட்டும் போதுமா? வேறு எதைக் கவனிக்க வேண்டும்? மனைவியையும் ஒரு சுற்று அழைத்துப் போகலாமா?

பதில்: முதலில் பெல்ட். ரோல் பார் இல்லாத திறந்த காரில் ஹார்னஸ் போடாதீர்கள். நீங்கள் கேட்டதிலேயே அவசரமான விஷயம் இதுதான். நல்லது என்று நினைத்துச் செய்கிற இந்த ஒரு வேலை, ஒன்றுமே செய்யாமல் விடுவதைவிட மோசமாக முடியலாம்.

காரணம் இரண்டு. உங்கள் காரின் அசல் சீட்டுக்கு முதுகு குட்டை, தலைக்குத் தாங்கல் கிடையாது. ஹார்னஸின் தோள் பட்டைகளைக் கட்ட சீட்டுக்குப் பின்னால் உயரத்தில் ஒன்றும் இல்லாததால், பெரும்பாலானவர்கள் பின்தரையிலேயே கட்டிவிடுகிறார்கள். பட்டை தோளிலிருந்து செங்குத்தாகக் கீழே இறங்குகிறது. முன்னால் போய் மோதும்போது உடம்பு முன்னே தள்ளும். பட்டை தோளைப் பின்னுக்கு இழுக்காமல் கீழே அமுக்கும். அந்த அழுத்தம் முழுக்க முதுகெலும்பில் இறங்கும். தோள் பட்டை தோளிலிருந்து பின்னோக்கி 10 முதல் 25 டிகிரி சாய்வில் போவதுதான் சரி. 45 டிகிரியைத் தாண்டவே கூடாது. அதற்குத் தோள் உயரத்தில் குறுக்கே ஒரு குழாய் வேண்டும், அந்தக் குழாய் ரோல் பாரில்தான் இருக்கும்.

இரண்டாவது காரணம், கார் கவிழ்வது. சாதாரண மூன்று முனை பெல்ட்டில் உடம்பு கொஞ்சம் சரியும், மடங்கும். இறுக்கிய ஹார்னஸில் சரியாது. நிமிர்ந்து உட்கார்ந்தபடியே தலைகீழாகப் போவீர்கள். எம்ஜிபியின் முன்கண்ணாடிச் சட்டம் காரின் எடையைத் தாங்காது, மடங்கிவிடும். அப்போது காரில் மிக உயரமாக நிற்பது உங்கள் தலைதான்.

ஆகவே இரண்டே வழி. ஒன்று, ரோல் பார், அதற்கேற்ற சீட், ஹார்னஸ் மூன்றையும் சேர்த்துப் போடுவது. அல்லது மூன்றையும் விட்டுவிட்டு, சாலைக்கு உரிய மூன்று முனை பெல்ட்டோடு சாலையில் மட்டும் ஓட்டுவது. பிரிட்டனில் 1965 ஜனவரி 1க்குப் பிறகு பதிவான கார்களின் முன்சீட்டில் பெல்ட் கட்டாயம். உங்கள் காரில் அதற்கான அசல் பிடிமானங்கள் இருக்கும், புது ஓட்டை போட வேண்டியதில்லை. அந்தப் பிடிமானத்தைச் சுற்றி தகடு துருப்பிடித்திருக்கிறதா என்று மட்டும் கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள்.

அசல் பாடியில் ஓட்டை போட மனம் வரவில்லை என்கிறீர்கள். அந்தத் தயக்கம் நியாயமானது, அதை மதிக்கிறேன். அப்படியானால் இந்தக் காரைப் பந்தயத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். எம்ஜிபி அபூர்வமான கார் அல்ல. 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் தொழிற்சாலையில் 5 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். ஏற்கெனவே ரோல் கேஜ் (ஓட்டுநரைச் சுற்றி இரும்புக் குழாய்க் கூடு) வெல்டு செய்து பந்தயத்தில் ஓடிக்கொண்டிருக்கிற எம்ஜிபி பிரிட்டனில் எப்போதும் விலைக்கு வரும். ஒரு சாலைக் காரைப் பந்தயக் காராக மாற்றுகிற செலவைவிடத் தயாராக இருக்கும் ஒன்றை வாங்குவதே பெரும்பாலும் மலிவு. வாங்கும்போது பெல்ட், சீட், தீயணைப்பான், டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பை நான்கின் தேதிச் சீட்டையும் பாருங்கள். காலாவதியாகியிருந்தால் அவற்றின் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். கேஜ் வெல்டு செய்து வரும் காருக்குக் கூடுதல் விலை கொடுத்தாலும் தப்பில்லை.

ஆனால் நீங்கள் முடிவெடுப்பதற்கு முன், சாலையில் ஓட்டுவதற்காகவாவது இந்தக் காரை ஒருமுறை சரியாகப் பரிசோதிக்க வேண்டும். 40 வருடத்தைத் தாண்டி, பெரிய மாற்றம் ஏதும் செய்யாத காருக்கு 2018 மே முதல் எம்ஓடி எனும் வருடாந்திரத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. சட்டம் விட்டுவிட்டது என்பதால் மூன்று வருடமாக யாரும் அடியில் பார்க்காமலே ஓடிக்கொண்டிருக்கும் வாய்ப்பு அதிகம். விருப்பச் சோதனையாகவாவது ஒருமுறை எம்ஓடிக்குக் கொடுங்கள். அதற்கு முன் நீங்களே பார்க்க வேண்டியவை உண்டு.

பாடியில் ஆரம்பிப்போம். எம்ஜிபிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் பெட்டிதான், கூரையில்லாத இந்தக் காரில் முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்து வைத்திருக்கிறது. அது மூன்று அடுக்குத் தகடு. வெளித்தகடு மட்டும் புதிதாக வெல்டு செய்து பெயின்ட் அடித்தால் புகைப்படத்தில் பளபளவென்று இருக்கும். உள்ளே நடுத்தகடும் அடியில் உள்ள பெட்டியும் பொடிப்பொடியாக உதிர்ந்திருக்கலாம். முன்னாள் உரிமையாளர் தந்த படங்களில் சில் பெட்டியின் வெளித்தகட்டைக் கழற்றிய நிலையில் ஒரு படமாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் இப்படிப் பாருங்கள்: கதவை மூடி, கதவின் பின்விளிம்பு இடைவெளியில் ஒரு அட்டையைச் செருகி அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு காரை ஜாக்கி முனையில் தூக்குங்கள். இடைவெளி குறுகி அட்டை இறுகினாலோ, கதவு திறக்க முரண்டு பிடித்தாலோ பாடி நடுவில் மடிகிறது என்று பொருள். அப்படிப்பட்ட பாடியில் எவ்வளவு கனமான ரோல் பார் போட்டாலும், கவிழும்போது பார் தரையைக் கிழித்துக்கொண்டு இறங்கும்.

அடுத்தது சக்கரம். ஸ்போக் வீலில் மூன்று இடத்தில் தப்பு நடக்கும்.

நட்டு. உங்கள் காரில் நடுவில் ஒரே நட்டுதான் ஒவ்வொரு சக்கரத்தையும் பிடித்திருக்கிறது. இடது பக்கச் சக்கரங்களுக்கு வலம்புரி மரை, வலது பக்கத்துக்கு இடம்புரி மரை. ஓட ஓடத் தானே இறுகிக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. யாராவது ஹப்பை (சக்கரம் மாட்டும் நடுக்குடத்தை) கழற்றி மாட்டும்போது பக்கம் மாற்றிவிட்டால், ஓட ஓடத் தானே கழலும். கண்டுபிடிப்பது சுலபம். எந்தப் பக்கமாக இருந்தாலும், நட்டின் மேல்பகுதியைக் காரின் முன்பக்கம் நோக்கித் தட்டினால் கழல வேண்டும், பின்பக்கம் நோக்கித் தட்டினால் இறுக வேண்டும். நான்கு சக்கரத்திலும் இன்றைக்கே பாருங்கள்.

பல்வரி. ஹப்பிலும் சக்கரத்தின் உள்ளேயும் உள்ள பற்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டுதான் இழுவையும் பிரேக்கும் கடத்தப்படுகின்றன. தேய்ந்தால் பல் கத்திமுனைபோலக் கூர்மையாகிவிடும். சக்கரத்தைத் தூக்கி, உதவிக்கு ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி, டயரை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ‘டக்’ என்று சத்தம் வந்தால் ஹப்பும் சக்கரமும் சேர்ந்தே மாற்ற வேண்டும். பழைய ஹப்பில் புதுச் சக்கரம் மாட்டினால் புதுசும் சீக்கிரம் தேயும்.

ஸ்போக். பென்சிலால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே ஓசையில் ரிங்கென்று ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலிப்பது தளர்ந்தது. ஒரு சக்கரத்தில் அப்படி நான்கைந்து இருந்தால் ட்ராக்குக்கு அந்தச் சக்கரம் வேண்டாம். உண்மையில் பந்தயம் என்று வந்துவிட்டால் ஸ்போக் வீலையே விட்டுவிட்டு வார்ப்பு அலாய் சக்கரம் போடுவது நல்லது. இன்றைய டயரின் பிடிமானம் அந்த ஸ்போக்குகளுக்குக் கணக்கிட்டதைவிட அதிகம்.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். ‘2314’ என்றால் 2014ஆம் வருடத்து 23ஆவது வாரம். பழைய கார்கள் வருடத்துக்குக் கொஞ்ச தூரமே ஓடுவதால் பட்டன் தேயாது, ரப்பர் மட்டும் கெட்டிப்பட்டுவிடும். உலகச் சாம்பியனாக இருந்த ஜிம் கிளார்க் 1968 ஏப்ரலில் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம் பந்தயத்தில் இறந்ததற்கு, பின் டயரில் காற்று இறங்கியதுதான் காரணம் என்று பரவலாக நம்பப்படுகிறது. அவரைப்போன்ற ஓட்டுநராலேயே ஒன்றும் செய்ய முடியவில்லை. பத்து வருடம் தாண்டிய டயரோடு ட்ராக்குக்குப் போகவே போகாதீர்கள். ஆறு வருடத்துக்குள் இருந்தால் நல்லது.

இன்னொரு இடம் பலர் கண்ணுக்குத் தப்பும்: முன்சக்கரம் சுழலும் குட்டை அச்சான ஸ்டப் ஆக்ஸில். எம்ஜிபியின் முன் ஹப்பில் இரண்டு டேப்பர் பேரிங்குகளுக்கு நடுவில் ஒரு ஸ்பேஸர் குழாயும் ஷிம் எனும் சில மெல்லிய வளையத் தகடுகளும் உண்டு. நட்டை 40 முதல் 70 ஃபுட் பவுண்டு வரை, அதாவது சுமார் 54 முதல் 95 நியூட்டன் மீட்டர், இறுக்கும்போது ஸ்பேஸரும் பேரிங்கும் ஆக்ஸிலும் ஒரே தண்டாகச் சேர்ந்து கெட்டியாகின்றன. ஷிம் கணக்குப் பார்க்கச் சோம்பல்பட்டு, ஸ்பேஸரைத் தூக்கி எறிந்துவிட்டு, சாதாரணக் கார்போல நட்டைக் கையால் இறுக்கிக் கோட்டர் பின் மாட்டிவிடுகிறவர்கள் உண்டு. சாலையில் வருடக்கணக்காகத் தெரியாது. ட்ராக்கில் வளைவுக்கு வளைவு ஆக்ஸில் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து நிமிர்ந்து, வேர்ப்பகுதியில் கீறல் விட்டு, ஒருநாள் சக்கரத்தோடு முறிந்து போகும். ஹப்பைக் கழற்றி ஸ்பேஸர் இருக்கிறதா பாருங்கள். ஷிம்மைக் கூட்டிக் குறைத்து, டயல் கேஜில் ஆட்டம் 0.05 முதல் 0.10 மில்லிமீட்டருக்குள் வரும்படி வையுங்கள். கழற்றின கையோடு ஆக்ஸிலைக் காந்தத்தூள் விரிசல் சோதனைக்குக் கொடுங்கள். எஞ்சின் வேலை செய்யும் பட்டறைகளில் செய்வார்கள். பந்தயத்துக்கு என்றால் பின்சக்கரத்தைச் சுழற்றும் ஹாஃப் ஷாஃப்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

பிரேக்கில் உங்கள் மாடலுக்கு ஒரே சர்க்யூட். ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. ரப்பர் ஹோஸ் மூன்றையும் புதிதாக மாற்றுங்கள், வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கியிருக்கும். திரவம் டாட் 4. புதுசாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் உறிஞ்சிய பின் தரம் கேட்பது 155 டிகிரிதான். மூன்று வருடம் கிடந்த திரவத்தோடு ட்ராக்கில் இறங்கினால் மூன்றாவது நான்காவது சுற்றில் காலிப்பருக்குள் ஆவியாகி, பெடல் பஞ்சுபோலத் தரையைத் தொடும். ட்ராக் நாளுக்கு முந்தின வாரம் மாற்றிவிடுங்கள். எஞ்சின் ஆயிலுக்கான கூலர் இருந்தால் அதன் ஹோஸ் எங்காவது தகட்டில் உரசுகிறதா என்றும் கையால் தடவிப் பாருங்கள். அது வெடித்தால் ஆயில் உங்கள் பின் டயரிலேயே போய் விழும்.

இனி நெருப்பு. பழைய காரில் நான் மிக அஞ்சுவது இதற்குத்தான், ஏனென்றால் இது மோதாமலே வரும்.

பானெட்டைத் திறந்து இடது பக்கம் பாருங்கள். இரண்டு எஸ்யூ கார்புரேட்டரும் நேரே எக்ஸாஸ்டுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். எம்ஜிபி எஞ்சினில் காற்று போவதும் புகை வருவதும் ஒரே பக்கம். மிதவை அறையில் ஊசி வால்வில் ஒரு துகள் மாட்டிக்கொண்டால் பெட்ரோல் வழியும். அதைத் தூரமாகக் கீழே கொண்டுபோக ஒவ்வொரு மிதவை அறைக்கும் ஒரு மெல்லிய வடிகுழாய் உண்டு. ‘எதற்கு இது’ என்று யாராவது கழற்றிப் போட்டிருந்தால் பெட்ரோல் சுடும் எக்ஸாஸ்ட் மேலேயே சொட்டும். குழாய் இரண்டும் இருக்கிறதா, கார்புரேட்டருக்கும் எக்ஸாஸ்டுக்கும் நடுவே உள்ள வெப்பத்தகடு இருக்கிறதா என்று பாருங்கள்.

பெட்ரோல் ஹோஸ் அடுத்தது. பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோல் இ10. 10 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பரை அது ஊற வைத்து, பிறகு வெடிக்க வைக்கும். ஹோஸை வளைத்துப் பார்த்தால் வெளிப்புறத்தில் கோடுகோடாக விரிசல் தெரியும். எல்லா ஹோஸையும் ஆர்9 தரம் என்று அச்சிட்டதாக மாற்றுங்கள், அசல் தோற்றத்துக்காகத் துணி சுற்றிய பழைய மாதிரியை வாங்காதீர்கள். இ5 சூப்பர் பெட்ரோல் கிடைக்கிற வரை அதையே போடுங்கள். (ஊரில் பழைய கார் வைத்திருக்கிற உறவினர்கள் கேட்டால் இதையே சொல்லுங்கள். இந்தியாவில் இப்போது பம்ப்பில் வருவது இ20. அங்கே ஹோஸ், கேஸ்கெட், மிதவை எல்லாவற்றையும் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.)

சாவியைத் திருப்பியதும் பின்னாலிருந்து ‘டிக் டிக் டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், கொஞ்ச நேரத்தில் நிற்கும். பின்சக்கரத்துக்கு முன்னால் இருக்கிற எஸ்யூ மின்பம்ப் அது. கார்புரேட்டர் நிறைந்ததும் நின்றுவிடும். மோதலில் குழாய் அறுந்தால் நிறையவே நிறையாது. சாவி போட்டபடி இருக்கும்வரை பம்ப் டிக் டிக்கென்று பெட்ரோலைத் தரையில் கொட்டிக்கொண்டேயிருக்கும். பம்புக்குப் போகும் வயரில் ஒரு இனர்ஷியா ஸ்விட்ச் போடுங்கள். அதிர்ச்சி வந்ததும் அது தானே துண்டித்துவிடும். சின்னச் செலவு, ஓட்டை போட வேண்டிய அவசியமும் இல்லை. சாலையில் மட்டும் ஓட்டினாலும் இதைப் போடுங்கள் என்பேன்.

பந்தயத்துக்கு வெளியிலிருந்து இழுக்கக்கூடிய மின் துண்டிப்பு ஸ்விட்ச் வேண்டும். முன்கண்ணாடித் தூணின் அடியில் வைத்து, நீல முக்கோணத்தில் சிவப்பு மின்னல் ஸ்டிக்கரை ஒட்டுங்கள். வயரிங் முடிந்ததும் ஒரு சோதனை: எஞ்சினை 3000 சுற்றில் ஓட விட்டு ஸ்விட்சை இழுங்கள். எஞ்சின் உடனே சாக வேண்டும். பாட்டரி மட்டும் துண்டிக்கப்பட்டு டைனமோ மின்சாரத்தில் எஞ்சின் தொடர்ந்து ஓடினால் வயரிங் தப்பு. இக்னிஷனும் அதே ஸ்விட்சில் துண்டிக்கப்பட வேண்டும்.

பெட்ரோல் டேங்க் டிக்கியின் தரைக்கு அடியில், பின் ஆக்ஸிலுக்கும் பின்னால், சாதாரணத் தகட்டில் தொங்குகிறது. பின்னால் வருகிற கார் இடித்தால் முதலில் வாங்குவது அதுதான். பந்தயத்துக்கு எஃப்டி3 தரத்து ரப்பர்ப் பையும் உள்ளே நுரையும் கொண்ட பாதுகாப்பு டேங்க் போடுவது என் கண்டிப்பான பரிந்துரை. பைக்குச் செய்த நாளிலிருந்து ஐந்து வருடம் ஆயுள். தயாரிப்பாளர் பரிசோதித்து இரண்டு வருடம் நீட்டித் தரலாம். டிக்கிக்கும் சீட்டுக்கும் நடுவில் பழைய வயர் போன ஓட்டை, ஸ்பீக்கர் ஓட்டை எது இருந்தாலும் தகடு வைத்து அடையுங்கள்.

மனைவி பார்த்த பழைய வீடியோக்களில் நெதர்லாந்தின் ஜான்ட்வூர்ட்டில் 1973இல் நடந்த பந்தய விபத்து இருந்திருக்கலாம். கவிழ்ந்து எரிந்த காரில் ஓட்டுநர் ரோஜர் வில்லியம்சன் மாட்டிக்கொண்டு இறந்தார். மோதலில் பெரிய காயமில்லை. டேவிட் பர்லி என்ற இன்னொரு ஓட்டுநர் தன் காரை நிறுத்திவிட்டு ஓடி வந்து தனியாளாகக் காரைப் புரட்டப் பார்த்தார், முடியவில்லை. அங்கிருந்த பணியாளர்களுக்குத் தீயைத் தாங்கும் உடுப்பு இல்லை. 1966இல் பெல்ஜியத்தின் ஸ்பா பந்தயத்தில் விபத்துக்குள்ளான ஓட்டுநர் ஜாக்கி ஸ்டூவர்ட்டுக்குத் தீ பிடிக்கவில்லை என்பது மட்டுமே அதிர்ஷ்டம். பெட்ரோலில் நனைந்தபடி சுமார் 25 நிமிடம் காக்பிட்டில் சிக்கிக் கிடந்தார். ஸ்டியரிங்கைக் கழற்ற ஸ்பேனர் வேண்டியிருந்தது. பார்வையாளர் ஒருவரின் கருவிப்பெட்டியிலிருந்து கடன் வாங்கித்தான் சக ஓட்டுநர்கள் கிரஹாம் ஹில்லும் பாப் பாண்டுரன்ட்டும் அவரை வெளியே எடுத்தார்கள். அதன் பிறகு ஸ்டூவர்ட் ஸ்டியரிங் தண்டிலேயே ஒரு ஸ்பேனரை டேப் போட்டு ஒட்டி வைத்துக்கொண்டு ஓட்டினார். இன்று ட்ராக்கில் பயிற்சி பெற்ற மார்ஷல்களும் தீயணைப்பு வண்டியும் மருத்துவரும் இருக்கிறார்கள். ட்ராக் மாறிவிட்டது, உங்கள் கார் மாறவில்லை. 1966இல் எப்படி மோதியிருக்குமோ அப்படியே இன்றும் மோதும். ஸ்டியரிங் தண்டுகூட நசுங்கி அதிர்ச்சியை வாங்கும் வகை அல்ல. மனைவியிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள், கூடவே எதையெல்லாம் மாற்றப் போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

ரோல் பார் போடத் தீர்மானித்தால் இந்த அளவுகளைப் பட்டறையில் கேளுங்கள். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதிப்படி முக்கிய வளைவுக்குக் குளிர்முறையில் இழுத்த, தையலில்லாத எஃகுக் குழாய். 45 மில்லிமீட்டர் விட்டம் 2.5 கனம், அல்லது 50 விட்டம் 2.0 கனம். பின்னோக்கி இரண்டு தாங்குகால்கள் கட்டாயம். முக்கிய வளைவின் பாதம் ஒவ்வொன்றுக்கும் அடியில் குறைந்தது 3 மில்லிமீட்டர் கனம், 120 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள தகட்டைப் பாடியோடு வெல்டு செய்து, 8.8 தரத்து 8 மில்லிமீட்டர் போல்ட் மூன்றாவது போட வேண்டும். வெறும் தரைத்தகட்டில் வாஷர் வைத்து முறுக்கினால் போல்ட் தகட்டைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். ஹெல்மெட் போட்டு பெல்ட் இறுக்கி உட்கார்ந்தால், ஹெல்மெட்டின் உச்சியைவிடப் பார் குறைந்தது 5 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். கடைகளில் ‘ஸ்டைல் பார்’ என்று பளபளக்கும் குரோம் வளைவு விற்கிறார்கள். தாங்குகால் இல்லாத அது அலங்காரப் பொருள்.

ஒரு எச்சரிக்கை: பார் போட்ட காரைச் சாலையில் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டும்போது, பின்னாலிருந்து யாராவது லேசாக இடித்தாலும் தலை அந்த இரும்பில் மோதலாம். தலை எட்டும் இடமெல்லாம் எஃப்ஐஏ தரத்துக் கெட்டி நுரை சுற்றுங்கள். குழாய்க்கடை மென்நுரை உதவாது.

ஹார்னஸில் நாலு பட்டை வேண்டாம், ஆறு பட்டை வாங்குங்கள். கால்களுக்கு இடையில் வரும் பட்டைகள்தான் இடுப்பு பெல்ட்டை இடுப்பெலும்பில் நிற்க வைக்கின்றன. இல்லாவிட்டால் உடம்பு பெல்ட்டுக்கு அடியில் நழுவும். 1970 செப்டம்பரில் இத்தாலியின் மோன்சாவில், பயிற்சியின்போது ஓட்டுநர் ஜோகன் ரின்ட்டின் லோட்டஸ் கார் பிரேக் ஷாஃப்ட் முறிந்து தடுப்பில் மோதியது. தீ பிடித்தால் சீக்கிரம் வெளியேற முடியாது என்று பயந்து அவர் கால் பட்டைகளைப் போடுவதில்லை. உடம்பு கீழே நழுவி, பெல்ட் கழுத்தை அறுத்தது. அந்த வருட உலகச் சாம்பியன் பட்டம் அவர் இறந்த பிறகு அவருக்குக் கிடைத்தது. கால் பட்டை வெளியேறுவதைத் தாமதப்படுத்தும் என்ற பயத்துக்கு மருந்து, பட்டையை விடுவது அல்ல, பயிற்சி. வீட்டு வாசலில் காரை நிறுத்தி, முழு உடுப்போடு, கண்ணை மூடிக்கொண்டு பெல்ட்டைத் திறந்து இறங்கிப் பழகுங்கள். யாரையாவது நேரம் பார்க்கச் சொல்லி ஏழு நொடிக்குள் வரும்வரை செய்யுங்கள்.

கழுத்துக்கு ஹான்ஸ் வகைத் தாங்கல் (ஹெல்மெட்டைத் தோளோடு பிணைத்துப் பிடிக்கும் சாதனம்) கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் பந்தய வகுப்பின் விதி எதைச் சொன்னாலும். உடம்பை ஹார்னஸ் பிடித்துக்கொள்ளும், ஹெல்மெட்டின் கனத்தோடு தலை மட்டும் முன்னே பறக்கும். மண்டையோட்டின் அடிப்பகுதி உடைவது அப்படித்தான். 2001இல் அமெரிக்காவின் டேடோனா பந்தயத்தில் ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் இறந்தது அந்தக் காயத்தால். ஹெல்மெட்டில் அதற்கான கொக்கி மரை தொழிற்சாலையிலேயே வைத்ததாக வாங்குங்கள், நீங்கள் துளைக்காதீர்கள். தீ உடுப்பு எஃப்ஐஏ 8856-2018 தரம். உள்ளாடையும் தீ தாங்குவதாக இருக்கட்டும், நைலான் உருகித் தோலோடு ஒட்டும்.

முதல் ட்ராக் நாளைப் பற்றி. உங்கள் சாலை இன்சூரன்ஸ் ட்ராக்கில் பெரும்பாலும் செல்லாது. பாலிசியை எடுத்து ‘சர்க்யூட்’ என்ற சொல் எங்கே வருகிறது என்று படியுங்கள், ஒருநாள் ட்ராக் காப்பீடு தனியாக எடுக்கலாம். தடுப்பை இடித்தால் அதன் செலவை உங்களிடமே கேட்கும் இடங்கள் உண்டு, அதையும் முன்னமே விசாரியுங்கள். திறந்த கார்களுக்கு ரோல் பார் இல்லாமல் அனுமதிக்காத ஏற்பாட்டாளர்கள் பலர். அனுமதிக்கிறவர்கள் இருந்தாலும் போகாதீர்கள். முதல்முறை பயிற்சியாளரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வளைவின் நடுவில் பயந்து ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டால் எடை முன்னுக்குப் போய்ப் பின்பக்கம் வழுக்கும். பின்னால் லீஃப் ஸ்ப்ரிங்கும் லீவர் டாம்பரும் உள்ள எம்ஜிபி அதை மெதுவாக ஆரம்பித்து வேகமாக முடிக்கும். சுழல ஆரம்பித்துவிட்டால் கிளட்ச், பிரேக் இரண்டையும் முழுக்க மிதியுங்கள்; கார் நேர்க்கோட்டில் வழுக்கி நிற்கும், பின்னால் வருகிறவர் எந்தப் பக்கம் போகலாம் என்று கணிக்க முடியும். கார் நின்ற பின் தீயோ புகையோ இல்லையென்றால் பெல்ட்டோடு உள்ளேயே இருங்கள், மார்ஷல் சொன்ன பிறகு இறங்குங்கள்.

நேரே பந்தயத்துக்குப் போக வேண்டாம். நடுவில் ஒரு வருடம் ஸ்பிரின்ட் அல்லது மலைச்சாலையில் கார் ஏற்றும் போட்டி ஓட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கார் கடிகாரத்தோடு போட்டி போடுவது அது. பக்கத்தில் இருபது கார்கள் இல்லாததால் உங்கள் தவறுக்கு மட்டும் நீங்கள் பொறுப்பு. அதன் பிறகு பிரிட்டனின் மோட்டார் பந்தய அமைப்பான மோட்டார்ஸ்போர்ட் யூகேயின் பந்தய உரிமத்துக்கான ஏஆர்டிஎஸ் தேர்வை எடுக்கலாம்.

மனைவியை ஒரு சுற்று அழைத்துப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவருக்கும் உங்களைப் போலவே சீட், ஆறு பட்டை, தலைக்கு மேல் பார், ஹெல்மெட், கழுத்துத் தாங்கல் எல்லாம் இருந்தால், அவராக விரும்பிக் கேட்டால் போகலாம். உங்கள் தைரியத்தைக் காட்டுவதற்காக வேண்டாம். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை ஜாக்கி போட்டுத் தூக்கி, கதவு இடைவெளியில் அட்டையைச் செருகும் அந்தச் சோதனையை அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்யுங்கள்.